1955 அக்டோபர் 20: எல்விஸ் பாடிய அந்தப் படச்சுருள் எங்கே?

பிப்ரவரி 11, 2024 – ஒரு வாசகரின் கேள்வி

கிளீவ்லாந்து ரேடியோக்காரர் பில் ராண்டிலை வைத்து 1955இல் யுனிவர்சல் சினிமா கம்பெனி ஒரு குறும்படம் எடுத்ததாம். அதில் எல்விஸ் பிரெஸ்லி மேடையில் பாடுவது பதிவானதாம். இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லையாம். எல்லாமே ‘ஆம்’ போட்ட கதை. எடுத்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு பிரேமாவது வெளியே வந்திருக்காதா? கேமராவே ஓடவில்லை என்பது என் கட்சி. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

பிப்ரவரி 11, 2024, இரவு

மறுக்கிறேன். பதினைந்து வருஷமாக இந்தப் படத்தின் பின்னால் அலைகிறவன் நான். அதனால் முதலில் ‘ஆம்’ இல்லாமல் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

1955 அக்டோபர் 20, வியாழக்கிழமை. பகலில் புரூக்ளின் உயர்நிலைப் பள்ளி அரங்கம், மாலையில் செயின்ட் மைக்கேல்ஸ் ஹால். பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும், பாட் பூன், ஃபோர் லாட்ஸ், கனடாவிலிருந்து வந்த பதின்வயதுப் பாடகி பிரிசில்லா ரைட், அப்புறம் எல்விஸ். ஹேலி அந்த ஜூலையில்தான் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்து 8 வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூனுக்கும் அந்த இலையுதிர் காலத்தில் ஒரு முதலிடம். எல்விஸுக்கு வயது 20, மெம்பிஸின் சன் என்ற சிறு கம்பெனியின் பாடகர். தென் மாநிலங்களில் பெயர் பரவியிருந்தது, வடக்கே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு மாதம் கழித்துத்தான் ஆர்.சி.ஏ. என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி அவருடைய ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது.

ராண்டில் டபிள்யூ.இ.ஆர்.இ. ரேடியோ நிலையத்தின் டிஸ்க் ஜாக்கி, அதாவது ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர். இவர் கை பட்ட பாட்டு ஓடும் என்று நியூயார்க் கம்பெனிகளே நம்பிய காலம் அது. படமே அவரைப் பற்றியது. ஒரு டிஸ்க் ஜாக்கியின் ஒரு நாள் வாழ்க்கை, அவ்வளவுதான் பொருள். பாடகர்கள் எல்லாரும் அதில் வந்துபோகிறவர்கள்.

இனி ‘ஆம்’ போட்டே சொல்ல வேண்டியவை: 48 நிமிடம் இருந்ததாம், அதை 20 நிமிடமாக வெட்டி நாடு முழுக்க அனுப்பத் திட்டமாம், கிளீவ்லாந்தில் ஒரே ஒரு தடவை திரையிட்டார்களாம், 1956இல் உள்ளூர் டிவியில் சில துண்டுகள் வந்தனவாம். இவையெல்லாம் ராண்டில் வழியாக வந்தவை.

பிப்ரவரி 12, 2024

“ராண்டில் சொன்னால் நம்பிவிட வேண்டுமா” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வயதான காலத்து நினைவுகளை நானும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் சொன்னவற்றில் ஒன்று முதுமையில் சொன்னது இல்லை.

1956 ஜனவரி 28, சனிக்கிழமை இரவு. நியூயார்க்கில் சி.பி.எஸ். டிவியின் டார்ஸி சகோதரர்கள் நிகழ்ச்சி. நாடு முழுக்கத் தெரியும் டிவியில் எல்விஸ் முதன்முதலாக வருகிறார். அவரை அறிமுகப்படுத்துகிறவர் பில் ராண்டில். இந்த இளைஞரை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்று அங்கே நின்று சொல்கிறார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 20இலிருந்து ஜனவரி 28 வரை சரியாக நூறு நாள். பொய் சொல்ல அப்போது அவருக்கு என்ன அவசியம்? எல்விஸ் எல்விஸ் ஆகாத காலம். அப்படி ஒரு படம் இருக்கிறது என்பதற்கு யாரும் பத்து பைசா தர மாட்டார்கள். போகிற போக்கில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குப் பெரிய சாட்சி.

பிப்ரவரி 12, 2024, சற்றுப் பிறகு

நேற்று ஒன்றைத் தவறவிட்டேன், பள்ளி எங்கே என்பதை. இது நியூயார்க் புரூக்ளின் இல்லை. ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்தை ஒட்டியுள்ள புரூக்ளின் என்ற சிறு நகரம். ஒருவர் நியூயார்க்கில் தேடி மூன்று மாதம் வீணடித்தார் என்று எனக்கு எழுதியிருந்தார், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பிப்ரவரி 14, 2024

“எல்விஸின் முதல் படப்பதிவு” என்று பலரும் எழுதுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது தவறு. 1955இலேயே டெக்சாஸில் ரசிகர்கள் 8 மி.மீ. வீட்டுக் கேமராவில் எடுத்த கலர்த் துண்டுகள் இருக்கின்றன. ஒலி இல்லை. உதடு அசையும், இடுப்பு அசையும், ஒரு சத்தமும் வராது. அதனால் சரியாகச் சொன்னால், தொழில்முறைக் குழு ஒலியோடு எடுத்த முதல் எல்விஸ் மேடை இது.

நான் இதற்காக ஏங்குவதும் அந்த ஒலிக்காகத்தான். சன் கம்பெனிக் காலத்து எல்விஸ், ஸ்காட்டி மூரின் கிட்டார், பில் பிளாக்கின் பெரிய பாஸ், இவற்றை ஒலியும் படமும் சேர்ந்து நாம் பார்த்ததே இல்லை. ஜனவரி டிவி நிகழ்ச்சியில் வருகிறவர் ஏற்கெனவே ஆர்.சி.ஏ. ஆள், பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும். அவரைத் தெரியாத பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அவர் எப்படிப் பாடினார்? முதல் பாட்டு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் முகம் எப்படி இருந்தது? நான் பார்க்க விரும்புவது அந்த முகங்களை.

பிப்ரவரி 19, 2024

ஏன் வெளியாகவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஊகம்தான், ஊகமென்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் நாலைந்து ரெக்கார்டு கம்பெனிகளின் பாடகர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். அக்டோபரில் எல்விஸைப் போட சன் கம்பெனி மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டிருக்கும், இலவச விளம்பரம். நவம்பர் 21க்குப் பிறகு அவர் ஆர்.சி.ஏ.யின் சொத்து, மேலாளர் கர்னல் பார்க்கரின் பிடி. 1956 நடுவில் அவர் ஹாலிவுட் நடிகராகவும் ஆகிவிட்டார். ஒரு ரேடியோக்காரரின் குறும்படத்தில் ஓரத்தில் நிற்க அவரை யார் விடுவார்கள்? எல்விஸை வெட்டிவிட்டால் படத்தை யார் பார்ப்பார்கள்? அப்படியே டப்பா அலமாரிக்குப் போயிருக்கும்.

பிப்ரவரி 25, 2024

தேடி என்ன பயன், எரிந்து போயிருக்கும் என்று எனக்கே சில சமயம் தோன்றும். 1978 டிசம்பர் 7 அன்று மேரிலாந்தின் சூட்லாண்டில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் கிடங்கு தீப்பிடித்தது. யுனிவர்சல் நியூஸ்ரீலின், அதாவது தியேட்டர்களில் ஓடிய செய்திப்படத்தின், வெட்டுத் துண்டுகள் 1 கோடியே 26 லட்சம் அடி எரிந்து போயின. நம் படமும் யுனிவர்சல் எடுத்தது. அங்கேதான் இருந்திருக்குமோ?

பிப்ரவரி 26, 2024

இல்லை. நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரவெல்லாம் உறுத்தியது. சூட்லாண்டில் எரிந்தது நைட்ரேட் என்ற பழைய வகைச் சுருள். நைட்ரேட் தன்னாலேயே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். கோடாக் அதைத் தயாரிப்பதை 1950களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. 1955 அக்டோபரில் எடுத்த படம் அசிடேட் சுருளில்தான் இருக்கும், ‘பாதுகாப்புச் சுருள்’ என்று ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். அதோடு இது நியூஸ்ரீல் இல்லை, குறும்படப் பிரிவின் சமாச்சாரம். இரண்டும் வேறு வேறு அலமாரி. எனவே சூட்லாண்டை விட்டுவிடலாம்.

ஆனால் அசிடேட்டுக்கு வேறு ஒரு வியாதி உண்டு.

மார்ச் 3, 2024

அந்த வியாதியை எனக்கு நேரடியாகத் தெரியும். 1971இல் தஞ்சாவூரில் நடந்த எங்கள் அப்பா அம்மா கல்யாணத்தைச் சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா 8 மி.மீ. கேமராவில் எடுத்தார். மூன்று சிறு சுருள், ஒவ்வொன்றும் 50 அடி, ஓட்டினால் நாலு நிமிடம். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் பார்த்தோம். அம்மா மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். 2009இல் டிஜிட்டலாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அம்மா போய்விட்டார். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு அக்கா ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளிப்பு நெடி. அசிடேட் அழுகும்போது வினிகரின் அமிலம்தான் வெளியேறும். அந்த அமிலமே மேலும் அழுகலை விரட்டும். மூடி வைத்தால் இன்னும் மோசம். சுருள் சுருங்கி, கோணி, அப்பளம் மாதிரி வளைந்துவிடும். உள்ளே இரண்டு சுருள். ஒன்று கையில் எடுத்ததும் உடைந்தது. இன்னொன்றின் அட்டையில் பெரியப்பா கையெழுத்தில் “திருச்செந்தூர் 1969”.

அதை ஒளிப்பெட்டியில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதல் பாதி கடல், கோபுரம், மொட்டை போட்ட பிள்ளைகள். பிறகு திடீரென்று நலங்கு! அம்மா உட்கார்ந்திருக்கிறார், அப்பா தலையில் அப்பளம் உடைக்கிறார். பெரியப்பா மிச்சமிருந்த சுருளையே இரண்டு வருஷம் கழித்து ஓட்டியிருக்கிறார், அட்டையை மாற்றவில்லை. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் வீட்டில் எல்லாரும் திருச்செந்தூர் என்றுதான் சொல்லியிருப்போம்.

மார்ச் 5, 2024

முந்தாநாள் எழுதியதிலிருந்து ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை.

நாம் எல்லாரும் ‘எல்விஸ்’ என்று தேடுகிறோம். நான் இந்தப் பதினைந்து வருஷமும் எந்தக் காப்பகத்துக்கு எழுதினாலும் முதல் வரியில் எல்விஸ் பிரெஸ்லி என்றுதான் எழுதினேன். ஆனால் 1955 அக்டோபரில் அந்த டப்பாவின் மேல் மைப்பென்சிலால் எழுதிய உதவியாளரை யோசித்துப் பாருங்கள். எல்விஸ் என்று எதற்கு எழுதுவார்? படத்தின் பெயர், எண், தேதி, அதிகம் போனால் ‘ஹேலி’, ‘பூன்’. படத்தின் பெயரிலும் எல்விஸ் இல்லை. இடம் குறித்திருந்தால் ‘புரூக்ளின்’ என்று மட்டும் இருக்கும், அதைப் பார்க்கிறவர் நியூயார்க் காட்சி என்று நினைத்து அடுத்த அலமாரியில் வைப்பார். ‘பள்ளி நடனம்’, ‘டிஸ்க் ஜாக்கி, மிச்சத் துண்டுகள்’, ‘கிளீவ்லாந்து, பார்வையாளர்கள்’ என்று எதுவும் இருக்கலாம்.

அதோடு அந்தக் காலப் படப்பிடிப்பில் படம் ஒரு சுருள், ஒலி வேறு சுருள். இரண்டும் வேறு வேறு டப்பா. ஒலிச் சுருள் மட்டும் எங்காவது தனியாகக் கிடந்தால் அதை யார் ஓட்டிக் கேட்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 6, 2024

தியாகராஜ ஆராதனைக்காகக் கிளீவ்லாந்து வந்திருக்கிறேன். 1978இலிருந்து இங்கே நடக்கிறது; இந்த நகரத்தின் பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்ததே அதனால்தான். கச்சேரிகள் நடக்கும் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில்தான் கிளீவ்லாந்து பிரஸ் என்ற பழைய நாளிதழின் புகைப்படங்களும் கத்தரித்த செய்திகளும் இருக்கின்றன. எத்தனையோ வருஷம் இந்த வளாகத்தில் பஞ்சரத்ன கீர்த்தனை கேட்டிருக்கிறேன், இரண்டு கட்டிடம் தள்ளிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்று சனிக்கிழமை, நூலகத்தில் அந்தப் பிரிவு கிடையாது. திங்கட்கிழமை விமானம். அதனால் தம்பி மகன் காரில் புரூக்ளின் போனேன். கிளீவ்லாந்து மையத்திலிருந்து கால் மணி நேரம்கூட இல்லை. சாதாரணத் தெருக்கள், சிறிய வீடுகள். கொஞ்ச நேரம் காரை நிறுத்திவிட்டு நின்றேன். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த 15 வயதுப் பெண்ணுக்கு இன்று 83, 84 இருக்கும். இந்த வீடுகளில் யாராவது ஒருவர் இருக்கலாம். கதவைத் தட்டும் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 9, 2024

நேற்றுதான் முழு சூரிய கிரகணம், கிளீவ்லாந்து அதன் பாதையிலேயே இருந்தது. விமானத்தைத் தள்ளிப் போட்டேன். பட்டப்பகலில் ஏரிக்கரை இருண்டது. விஷயத்துக்குத் தொடர்பு இல்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். “1952 மூன்டாக் பால் (நடன விழா) படத்துண்டு” என்று ஒரு இணைப்பை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அது அந்த நிகழ்ச்சி இல்லை. உண்மையான விழா 1952 மார்ச் 21, கிளீவ்லாந்து அரீனாவில் ஆலன் ஃப்ரீட் என்ற டிஸ்க் ஜாக்கி நடத்தியது. முதல் ராக் அண்ட் ரோல் கச்சேரி என்று பலரும் சொல்வது அதைத்தான். சுமார் 10,000 பேர் கொள்ளும் இடத்துக்கு அதைப்போல் இரு மடங்குக் கூட்டம் வந்தது. கதவுகள் உடைந்தன, பால் வில்லியம்ஸ் குழு ஒரு பாட்டு வாசித்த கையோடு அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது புகைப்படம்தான். பால்கனி உயரத்திலிருந்து எடுத்தது, கீழே தொப்பியும் கோட்டுமாகத் தலைகள், நகர இடமில்லை. நீங்கள் அனுப்பிய துண்டில் பெண்கள் அணிந்திருப்பது பத்து வருஷம் பிந்திய உடை. பெயர் மாறி ஒட்டப்பட்ட சீட்டு எப்படியெல்லாம் சுற்றுகிறது பாருங்கள்.

ஏப்ரல் 21, 2024

ஒரு நல்ல முன்னுதாரணத்தை மறந்துவிட்டேன். ராண்டிலின் நிலையத்திலேயே டாமி எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு டிஸ்க் ஜாக்கி இருந்தார். 1955 பிப்ரவரியில் கிளீவ்லாந்து சர்க்கிள் தியேட்டருக்கு எல்விஸை முதலில் அழைத்து வந்தவர் இவர்தான். எட்வர்ட்ஸிடம் கேமரா உண்டு, வருகிற பாடகர்களையெல்லாம் கலர் ஸ்லைடு எடுத்துவைப்பார். அக்டோபர் 20 அன்று எல்விஸும் ஹேலியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் அவர் எடுத்ததுதான். அந்த ஸ்லைடுகள் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2011இல் புத்தகமாக வந்தன. கண் முன்னால் வரும்வரை அவையும் ‘ஆம்’தான்.

ஜூன் 16, 2024

ஒரு திருத்தம், பெரியது. ராண்டில் 1992இல் இந்தப் படத்தின் உரிமையை பாலிகிராம் என்ற பாட்டுக் கம்பெனிக்கு விற்றதாகச் செய்தி வந்தது. 1998இல் பாலிகிராமை, அப்போது யுனிவர்சலின் முதலாளியாக இருந்த சீகிராம் வாங்கி யுனிவர்சல் மியூசிக்கோடு சேர்த்தது. “கடைசியில் படம் எடுத்த யுனிவர்சலிடமே போய்ச் சேர்ந்தது” என்று நானே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். தவறு. இன்று யுனிவர்சல் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள். பாட்டுக் கம்பெனி வேறு, சினிமா கம்பெனி வேறு, முதலாளிகளும் வேறு. 2004இல் வழி பிரிந்தார்கள். உரிமைப் பத்திரம் பாட்டுக் கம்பெனியிலும், சுருள் ஏதாவது மிஞ்சியிருந்தால் சினிமா கம்பெனியின் அலமாரியிலும் இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ராண்டிலைக் கேட்கலாம் என்றால் அவர் 2004 ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் பெரிய நஷ்டம் பாட்டுக் கம்பெனியின் மூல ஒலிநாடாக்கள், அது 2019இல்தான் வெளியே தெரிந்தது. சினிமா பக்கத்தில் எரிந்தவற்றுக்கு வேறு இடத்தில் பிரதிகள் உண்டு என்றார்கள். யாரும் கேட்காத ஒரு குறும்படத்துக்குப் பிரதி இருந்திருக்குமா? இதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூலை 7, 2024

அளவைக் கணக்குப் போட்டேன். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 48 நிமிடம் என்றால் 4,320 அடி. ஆயிரம் அடி டப்பாவில் ஐந்து, ஒலிக்குத் தனியாக இன்னொரு ஐந்து. இவ்வளவு பெரிய பொருள் ஸ்டூடியோவை விட்டு எளிதில் வெளியே போகாது.

டிவிக் கதை வேறு. அந்தக் கால உள்ளூர் நிலையங்கள் 16 மி.மீ. பிரிண்ட்தான் ஓட்டும். நிமிடத்துக்கு 36 அடி, 20 நிமிடத்துக்கு 720 அடி. ஒரே சுருள், சாப்பாட்டுத் தட்டு அளவு டப்பா. 1956இல் டபிள்யூ.இ.டபிள்யூ.எஸ். என்ற கிளீவ்லாந்து டிவி நிலையத்தில் துண்டுகள் ஓடியது உண்மையானால், அந்தத் தட்டு ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய பொருள். என் நம்பிக்கை ஹாலிவுட்டில் இல்லை, கிளீவ்லாந்தில் ஏதோ ஒரு வீட்டின் நிலவறையில்.

நவம்பர் 23, 2025

ஒரு வருஷத்துக்கு மேல் எழுதவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்தேன். அந்த நலங்குச் சுருளைப் புனேயில் ஒருவர் பொறுமையாக நிமிர்த்தி, பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்து தந்தார். 1 நிமிடம் 50 வினாடி. அப்பா தினமும் பார்க்கிறார்.

செய்தி கேட்டிருப்பீர்கள். 1970, 1972 ஆண்டுகளில் எடுத்த எல்விஸ் மேடைகளின் படச்சுருள்கள் கான்சாஸ் உப்புச் சுரங்கச் சேமிப்பறையிலிருந்து வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒலி இல்லை, ஒலியை வேறெங்கோ தேடித் தேடிப் பொருத்தியிருக்கிறார்கள். பூமிக்கடியில் ஈரமும் வெப்பமும் ஏறாமல் இருந்ததால் சுருள் பிழைத்தது. முதல் கேள்வி கேட்டவருக்கு இதைச் சொல்கிறேன்: உலகத்திலேயே அதிகம் தேடப்பட்ட பாடகரின் சுருள், ஐம்பது வருஷம், பெரிய கம்பெனியின் சொந்தச் சேமிப்பறையில், யாரும் திறக்காமல்.

ஜனவரி 18, 2026

அடுத்த ஆராதனைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், இந்த முறை வார நாட்களில். முதல் நாள் காலை கிளீவ்லாந்து பிரஸ் தொகுப்பு, மறுநாள் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் ஆவணக் காப்பகம். 1955இல் அந்தப் பள்ளியில் படித்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லுங்கள்: அன்று அரங்கில் கேமரா எந்தப் பக்கம் இருந்தது?

காப்பகத்தில் கேட்க வேண்டிய பெயர்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டிஸ்க் ஜாக்கி. ராண்டில். பூன். ஹேலி. ஃபோர் லாட்ஸ். பிரிசில்லா ரைட். புரூக்ளின். பள்ளி நடனம். பிரெஸ்லி கடைசி வரியில்.